வில்லங்கம் பார்த்த நாட்கள்

பிப்ரவரி 22, ஞாயிறு

ஓனர் காலையிலேயே மாடியிலிருந்து இறங்கி வந்தார். வாடகை கேட்க வரும்போது செருப்பைச் சத்தமாக இழுத்துக்கொண்டு வருவார். இன்று சத்தமே இல்லை. அப்போதே நினைத்தேன், ஏதோ இருக்கிறது என்று. மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறானாம். நாங்கள் இருக்கும் கீழ்வீடு அவனுக்கு வேண்டுமாம். ஜூன் முடிவதற்குள் காலி செய்து கொடுத்தால் நல்லதாம்.

"அதுக்கென்ன சார், தாராளமா" என்றார் இவர்.

தாராளமாவாம்! மகள் நடை பழகிய வீடு. யோசிச்சுச் சொல்றோம்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஓனர் போன பிறகு பிடித்துக்கொண்டேன். "அவர் வீடு, அவர் கேக்கறார். நாம என்ன பண்ண முடியும்?" என்று டீயை ஊதிக் குடித்தார்.

இவருக்கு உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள். லிப்ட் மெக்கானிக். கம்பியில் தொங்கும் பெட்டிக்குள் நின்று நின்று, எதுவும் அறுந்து விழாது என்று நம்பப் பழகிவிட்டார். நான் ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் மேசை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த மேசைதான். ஒரு சட்டை கைக்கு வந்தால் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பேன். வெளிப்பக்கம் எல்லாச் சட்டையும் நன்றாகத்தான் இருக்கும். மகள் எனக்கு எக்ஸ்ரே என்று பேர் வைத்திருக்கிறாள். வைக்கட்டும்.

சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து பேசினோம். இனி வாடகை வீடு வேண்டாம், சேர்த்ததை வைத்துச் சின்னதாக ஒன்று வாங்கிவிடலாம். எங்களிடம் இருப்பது ஒரு வீட்டுக்கான காசு, அதுவும் மலிவான வீட்டுக்கு. அது எவனிடமாவது போய்ச் சிக்கினால் மறுபடி சேர்க்க எங்களுக்கு வயதில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

இவர் முகமெல்லாம் பல்லாக வந்தார். லிப்ட் பழுது பார்க்கப் போன கட்டடத்தில் ஒருவரைப் பிடித்திருக்கிறாராம். வீடு வாங்கி விற்கிறவர். இல்லை, அவர் வாங்குவதே இல்லை. அது எனக்குப் புரியவே நேரமாயிற்று. கடனில் மாட்டி அவசரமாக விற்கிறவர்கள், பூட்டிக் கிடந்து பாழாகும் வீடுகள் என்று தேடிப் பிடிப்பாராம். உரிமையாளருக்கு ஒரு முன்பணம் கொடுத்து, இன்ன விலைக்கு, இன்ன காலத்துக்குள் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்வாராம். பிறகு அந்த ஒப்பந்தத்தையே கொஞ்சம் மேலே வைத்து இன்னொருவருக்குக் கைமாற்றி விடுவாராம். பத்திரம் உரிமையாளரிடமிருந்து நேரே நம் பேருக்கு வரும். நடுவில் அந்த வியாபாரியின் பேர் எங்கேயும் இருக்காது.

"மொத்த வியாபாரி மாதிரின்னு வெச்சுக்கயேன். அதான் அடிமாட்டு விலைக்கு வருது."

"பேரே எங்கயும் இருக்காதுன்னா நாளைக்கு ஒண்ணுன்னா யார் சட்டையைப் பிடிக்கிறது?"

"ஏன் சட்டையைப் பிடிக்கணும்? நல்ல மனுஷன். சிரிச்சுச் சிரிச்சுப் பேசறார்."

சிரிச்சுச் சிரிச்சு. எனக்கு அங்கேயே மூக்கில் வேர்த்துவிட்டது.

மார்ச் 1, ஞாயிறு

வீட்டைப் பார்த்தாயிற்று. ஒடுக்கமான தெருவின் கடைசி. தரைத்தளம் மட்டும். பின்னறையில் மேல்தளப் பூச்சு பெயர்ந்து கம்பி பல்லைக் காட்டுகிறது. மின்சாரம் துண்டித்திருக்கிறார்கள். குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. குளியலறைத் தாழ்ப்பாள் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஆனால் சுவர் திடமாக இருக்கிறது, தட்டிப் பார்த்தேன். சமையலறை ஜன்னலில் நல்ல வெளிச்சம். அந்த ஜன்னலடியில் நின்றபோது எனக்கு வீடு பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதே என்று பயமாகவும் இருந்தது.

சிரிப்புக்காரரைப் பார்த்தேன். இனி அவருக்கு அதுதான் பேர். தொப்பி, வெள்ளைக் காலணி, வாய் மூடாத சிரிப்பு. வாசல் கதவில் இரண்டு நாதாங்கி, இரண்டு பூட்டு. ஏன் என்று கேட்டேன்.

"ஒண்ணு வீட்டுக்காரரோடது, ஒண்ணு என்னோடதுக்கா. யார் யாருக்கு இந்த வீட்டுல பிடி இருக்கோ அவங்கவங்க பூட்டு தொங்கும். ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் உள்ள போக முடியாது. எங்க தொழில்ல இதுதான் மரியாதை" என்றார். இன்றைக்கு மட்டும் வீட்டுக்காரர் சாவியை இரவல் வாங்கி வந்திருக்கிறாராம்.

உரிமையாளர் அச்சகம் வைத்து நொடித்துப் போனவர். மனைவி இறந்துவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. இது சிரிப்புக்காரர் சொன்னது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தபோது படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் துணி மாட்டும் கொக்கிகள் இருந்தன. தலை உயரத்தில் மூன்று. என் இடுப்பு உயரத்தில் ஒன்று.

"பிள்ளை இல்லாத வீட்டுல இவ்வளவு கீழ யாருக்குக் கொக்கி?"

"குடியிருந்தவங்க அடிச்சிருப்பாங்கக்கா."

"அவரேதான் கடைசிவரைக்கும் இருந்தார்னு இப்பத்தானே சொன்னீங்க?"

சிரித்தார். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். இரண்டு பேரையும் அந்தக் கொக்கியிலேயே மாட்டலாம் போலிருந்தது.

மார்ச் 4, புதன்

மதியம் அரை நாள் லீவு போட்டு வக்கீலிடம் போனேன். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சு. பத்திர நகல்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"பேப்பர் சுத்தமாத்தான்டி இருக்கு. வில்லங்கம் பார்த்தாச்சு. பழைய கடன் ஒண்ணு, அதையும் கட்டி முடிச்சுட்டார். ஆனா வீடு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் வாங்கினது. அந்தம்மா உயில் எழுதாமப் போயிருக்காங்க. அவங்க பாதி புருஷனுக்கும் பிள்ளைங்களுக்கும் போகும். தனக்குப் பிள்ளைங்க இல்ல, வாரிசு நான் மட்டும்தான்னு இவர் சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்திருக்கார்."

"பொய் சொல்லியிருந்தா?"

"இருந்தா நீ வாங்கறது வீடு இல்லடி, வழக்கு."

கொக்கியைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பத்திரிகையில பொது அறிவிப்புக் கொடுப்போம். இந்த வீட்டுல பாத்தியதை இருக்கறவங்க பதினஞ்சு நாளைக்குள்ள சொல்லுங்கன்னு. அதுவரைக்கும் ஒரு பைசா கொடுக்காதே" என்றாள்.

இவரிடம் வந்து அதை அப்படியே சொன்னேன். ஒரு பைசா கொடுக்கக் கூடாது. "சரி சரி" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

அச்சகக்காரர் இப்போது தங்கியிருக்கும் அறைக்குப் போனோம். ஒற்றைக் கட்டில், ஒற்றை நாற்காலி. நாற்காலியைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். மரியாதையான மனிதர்தான். எல்லாக் கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். எந்த வருடம் கட்டியது, எப்போது ஒழுக ஆரம்பித்தது, மனைவிக்கு என்ன நோய். "பிள்ளைங்க?" என்றேன்.

"யாரும் இல்ல."

அது மட்டும் நான் கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது. பழைய தையலைப் பிரித்து ஒட்டுப் போட்ட இடத்தில் நூல் மட்டும் கொஞ்சம் பளபளக்கும். எனக்கு அது தெரியும்.

மார்ச் 11, புதன்

தையல் பிரிந்த சட்டைகளாகக் கனவில் வருகிறது. இவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார்.

மார்ச் 15, ஞாயிறு

காய்கறி வாங்கப் போனவள் கால் போன போக்கில் அந்தத் தெருவுக்கே போய்விட்டேன். சும்மா வெளியிலிருந்து ஒருமுறை பார்க்கலாமே என்று.

கதவில் மூன்று பூட்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். புதிதாக ஒரு நாதாங்கி அடித்து, சின்னதாக, மினுமினுவென்று மூன்றாவது பூட்டு. அடித்த இடத்தில் மரத்தூள்கூட இன்னும் கீழே கிடந்தது. யார் யாருக்குப் பிடி இருக்கிறதோ அவரவர் பூட்டு. அப்படியானால் மூன்றாவது யார்?

ஒன்று, சிரிப்புக்காரர் இதே ஒப்பந்தத்தை இன்னொருவனுக்கும் விற்றிருக்கிறார். அல்லது அந்தக் கொக்கிக்குச் சொந்தக்காரன் வந்துவிட்டான். எதுவானாலும் எங்கள் தலையில் மிளகாய் அரைக்க ஏற்பாடு நடக்கிறது. கத்தரிக்காயைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

இவரிடம் சொன்னேன். "பூட்டா? அப்படியா?" என்று எழுந்துபோய் முகம் கழுவினார்.

மார்ச் 16, திங்கள்

சிரிப்புக்காரருக்குப் போன் போட்டேன். "மூணாவது பூட்டு யாரோடது?"

"அது... நம்ம ஆளுதான்க்கா, பயப்படாதீங்க."

"நம்ம ஆளுன்னா?"

"அண்ணன் ஒண்ணும் சொல்லலையா? சரி, நான் அப்புறம் பேசறேன்க்கா."

வைத்துவிட்டார். அண்ணன் என்ன சொல்ல வேண்டும்? எந்த அண்ணன்? அவருக்குக் கூட்டாளி யாரோ இருக்கிறான். பேர் இல்லாத ஆளுக்குப் பேர் இல்லாத கூட்டாளி.

மார்ச் 18, புதன்

பொது அறிவிப்புக் கொடுக்கப் போகிறோம் என்று வக்கீல் சிரிப்புக்காரருக்குச் சொல்லியிருக்கிறாள். ஆள் துள்ளிக் குதித்தாராம். பேப்பரில் போட்டால் மற்ற வியாபாரிகள் மோப்பம் பிடித்து வந்து விலையை ஏற்றிவிடுவார்களாம். மடியில் ஒன்றும் இல்லாதவன் ஏன் இப்படிப் பதற வேண்டும்?

அதைவிட, இவர். "நோட்டீஸ் எல்லாம் எதுக்கு, பாவம் அவர் தொழில் கெட்டுப் போகும்" என்று அவருக்கு வக்காலத்து வாங்குகிறார். இரண்டு நாளாக என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. சாப்பிடும்போது பேந்தப் பேந்த விழிக்கிறார்.

மார்ச் 22, ஞாயிறு

இவருடைய சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் சாவிக்கொத்து இருந்தது. லிப்ட் அறைச் சாவிகள், எல்லாம் கறுத்துத் தேய்ந்தவை. நடுவில் ஒன்று மட்டும் புதுசு. சின்னது. மினுமினுவென்று.

இல்லை. இருக்காது. ஏதோ புதுக் கட்டடத்தின் சாவியாக இருக்கும்.

கழற்றி என் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

மற்ற இரண்டும் பூட்டியே இருந்தன. மூன்றாவது திறந்துகொண்டது.

மார்ச் 25, புதன்

ஆத்திரம் இன்னும் தீரவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

மேசையில் சாவியை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இவர் பார்த்தார். பிறகு எல்லாம் கொட்டியது. நான் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்த அதே வாரம் முன்பணம் கொடுத்துவிட்டாராம். எங்கள் சேமிப்பில் பாதிக்கு மேல். வேறொரு பார்ட்டி அன்று மாலையே கொடுக்கத் தயாராக இருந்தானாம். சிரிப்புக்காரர் வெள்ளைத்தாளில் ரசீது எழுதிக் கொடுத்து, "இனி உங்க பூட்டைப் போட்டுக்குங்க அண்ணே" என்றாராம். இவரும் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு, நாதாங்கியையும் தானே அடித்துவிட்டு வந்திருக்கிறார்! யார் அடிச்சது யார் அடிச்சதுன்னு நான் பைத்தியம் மாதிரி அலைஞ்சேனே, பக்கத்துல படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தார்? ஒரு வார்த்தை? வாயைத் திறந்து ஒரு வார்த்தை?

"உன்கிட்ட சொல்லியிருந்தா இந்த ஜென்மத்துல முடிவுக்கு வர மாட்டே. பார்க்கணும் பார்க்கணும்னு சொல்லியே போன தடவை பார்த்த ரெண்டு வீடும் கைநழுவிப் போச்சு. ஜூன்ல தெருவுல நிப்பமோன்னு பயந்துட்டேன்."

"ஒரு பைசா கொடுக்காதீங்கன்னு சொன்னேன். சரி சரின்னீங்க."

"ஆமா. சொன்னேன்."

அவ்வளவுதான். நான் கத்தினேன். மகள் அறையிலிருந்து வந்து, "அம்மா, மாடிக்கே கேக்குது" என்றாள். கேக்கட்டும்.

எனக்கு எவன் மேலும் நம்பிக்கை கிடையாது. இவர் ஒருத்தர் மேல மட்டும்தான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். இவரை உள்பக்கம் திருப்பிப் பார்க்கணும்னு எனக்குத் தோணினதே இல்லை. சிரிப்புக்காரன் ஏமாத்தியிருந்தாக்கூட இப்படி வலிச்சிருக்காது.

மார்ச் 29, ஞாயிறு

பேசுவதில்லை. சோறு வைக்கிறேன். தட்டை இவரே கழுவி வைக்கிறார்.

ஏப்ரல் 3, வெள்ளி

அறிவிப்பு வந்துவிட்டது. ஏழாம் பக்கம், டயர் விளம்பரத்துக்குக் கீழே. இனி பின்வாங்கவும் முடியாது. பாதிப் பணம் அங்கே. பத்திரம் நல்லபடியாக ஆனால் வீடு, இல்லையென்றால் வெள்ளைத்தாள்.

யாரும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். யாரோ வருவார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இதுவரை வக்கீலுக்கு வந்த போன்கள்: தன்னிடமும் ஒரு வீடு இருக்கிறது, வாங்கிக்கொள்கிறீர்களா என்று ஒருவர். சிரிப்புக்காரர் பயந்ததுபோல இரண்டு வியாபாரிகள், என்ன விலை என்று. ஆக அந்த மனிதர் பதறியதற்குக் காரணம் நிஜம்தான். இதை இங்கே எழுதி வைக்கிறேன். அவரிடம் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 16, வியாழன்

கடைசி நேரத்தில் வந்துவிட்டது. ஒரு பெண் குரல். "அந்த வீட்டுக்காரரோட பொண்ணு நான்" என்றதாம். வக்கீல் சொன்னபோது, வீடு போச்சு என்று நினைத்தேன். பார்த்தியா, பார்த்தியா என்று ஒரு சந்தோஷமும் வந்தது. என்ன பிறவி நான்?

ஏப்ரல் 19, ஞாயிறு

அவளைப் போய்ப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துகிற வேலை. முப்பது வயதிருக்கும். அதே நெற்றி, அதே நிதானம். ஆனால் முகஜாடையை நம்பி நான் காரியத்தில் இறங்குவதா? யாராவது அனுப்பி வைத்த ஆளாகவும் இருக்கலாமே. அதனால் ஒரு தூண்டில் போட்டேன்.

"பின்பக்கம் மாடிப்படி ரொம்ப இடிஞ்சு கிடக்குது. சின்ன வயசுல அதுல ஏறி விளையாடியிருப்பீங்க இல்ல?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பின்பக்கம் படியே கிடையாதே. மொட்டை மாடிக்குப் போகணும்னா பக்கத்து வீட்டு ஏணியைத்தான் கேட்டு வாங்கணும்" என்றாள். பிறகு, "என்னைச் சோதிக்கிறீங்களா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

கோபித்துக்கொள்ளவில்லை. கொக்கி அவளுடைய பள்ளிப் பைக்கு அம்மா அடித்ததாம். தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு போனபோது, இனி எனக்குப் பொண்ணே இல்லை என்று அப்பா சொன்னாராம். "கோபத்துல சொல்றார்னு நெனச்சேன். அவர் அதையே கடைசிவரைக்கும் வெச்சுக்கிட்டார். அம்மா செத்தப்ப வாசல் வரைக்கும் போனேன். உள்ள விடல. வந்தவங்ககிட்ட யாரோ தெரியலன்னு சொன்னார்" என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு பிரேமின் திருகைத் திருகிக்கொண்டிருந்தாள்.

வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்து, "ஜூன்ல எங்களுக்கு வீடு இல்லை" என்று அசட்டுத்தனமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

சிரிப்புக்காரர் எங்கள் வீட்டுக்கே வந்தார். முதல் முறையாகச் சிரிப்பு இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. என் முன்பணமும் அவர்கிட்டதான் மாட்டியிருக்கு. வாரிசு இல்லைன்னு அடிச்சுச் சொன்னார், நானும் நம்பிட்டேன்."

"நீங்களுமா நம்பினீங்க?" என்றேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு ஆண்கள், நம்பிவிட்டு, என் வீட்டு நாற்காலியில். தண்ணீர் கொடுத்தேன்.

ஏப்ரல் 25, சனி

வக்கீல் அலுவலகத்தில் எல்லாரும் கூடினோம். அச்சகக்காரர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் மகள் உள்ளே வந்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"இவங்களைத் தெரியுமா?" என்றாள் வக்கீல்.

"தெரியாது."

அந்தப் பெண் நின்றுகொண்டே பேசினாள். "கையெழுத்துப் போடறேன். ரெண்டு விஷயம். என் பங்கு எனக்கு வேணும், அது எங்கம்மாவோடது. அப்புறம், பத்திரத்துல என்னை இவரோட மகள்னு எழுதணும். அதுக்குக் கீழ இவர் கையெழுத்துப் போடணும்."

"எப்படியும் அப்படித்தான்மா எழுதணும். பத்திரம்னா அதுதான் வழக்கம்" என்றாள் வக்கீல்.

"உங்களுக்கு வழக்கம்" என்றாள் அவள்.

அச்சகக்காரர் எழுந்து போய்விட்டார். படியிறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிடிவாதம் பிடித்த மனிதா, உன் ரோஷத்துக்கு என் வீடா கிடைத்தது?

மே 2, சனி

ஒரு தகவலும் இல்லை. மூன்று வாடகை வீடு பார்த்தோம். ஒன்றில் காற்று இல்லை, ஒன்றில் தண்ணீர் இல்லை, ஒன்றில் ஓனரே சரியில்லை.

இவர் இன்று என் கம்பெனி வாசலில் வந்து நின்றார். வழக்கமாக வர மாட்டார். பாதி தூரம் பேசாமல் நடந்தோம். பிறகு, "பணம் போனா போகட்டும்னு என்னால சொல்ல முடியல. ஆனா நீ பேசாம இருக்கறது அதைவிடக் கஷ்டமா இருக்கு" என்றார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "பஸ் வருது, ஏறுங்க" என்றேன். இத்தனை நாளில் நான் அவரிடம் முதலில் பேசியது அதுதான்.

மே 12, செவ்வாய்

அச்சகக்காரர் ஒப்புக்கொண்டாராம்! சிரிப்புக்காரர் தினமும் அந்த அறைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார், அவரிடம் ஏது? கடன்காரர்கள் வேறு. மனம் மாறி ஒப்புக்கொண்டாரா, வழியில்லாமலா என்று யாருக்குத் தெரியும்?

பத்திர வரைவைப் படித்தேன். விற்பவர்கள் இரண்டு பேர், அவரும் மகளும். வாங்குபவர் என்ற இடத்தில் என் பேர் மட்டும்.

என் பேர் மட்டும். ஏன்? சட்டென்று என்னென்னவோ ஓடியது. இவருக்கு வெளியில் கடன் இருக்கிறதா? எனக்குத் தெரியாமல் வேறெங்காவது கையெழுத்துப் போட்டுத் தொலைத்திருக்கிறாரா? காகிதத்தை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நான்தான் வக்கீலம்மாகிட்ட சொன்னேன். என் பேரும் இருந்தா நாளைக்கு எவனாவது வந்து சிரிச்சுப் பேசினா நான் கையெழுத்துப் போட்டுடுவேன். உன் பேர்ல இருந்தா ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்" என்றார்.

எங்கள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

மே 21, வியாழன்

பதிவு அலுவலகம். காலையிலிருந்து பெஞ்சில். அப்பா ஒரு கோடியில், மகள் மறு கோடியில், நடுவில் நாங்கள். பத்திரத்தை நான் வரி வரியாகப் படித்தேன், பக்கத்து வீட்டு எல்லைவரை. சிரிப்புக்காரர், "அக்கா, அரசாங்க முத்திரையையாவது நம்புங்க" என்றார்.

அதிகாரி தலைநிமிராமலே ஒவ்வொருவரையும் கேட்டார். பேர் என்ன, முகவரி என்ன, சம்மதம்தானா. அச்சகக்காரர் முறை வந்தது. "கூட விக்கிறவங்க உங்களுக்கு யாரு?"

கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். இந்த இடத்தில் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கள் பணம், ஜூன், எல்லாம் அந்த மனிதரின் வாய்க்குள் இருந்தது. மகள் அவரைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கட்டண அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி தலையைத் தூக்கினார். "ஐயா, உங்களைத்தான்."

"என் பொண்ணு" என்றார். குரல் வெளியே வரவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு முறை சொன்னார். "என் பொண்ணு. ஒரே பொண்ணு."

அவள் அப்போதும் அழவில்லை. போய்த் தன் கையெழுத்தைக் கோணாமல் போட்டுவிட்டு, தன் பங்குக் காசோலையைச் சரிபார்த்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனாள். அழுதது நான்தான். இவர் கைக்குட்டையைக் கொடுத்தார். கிரீஸ் நாற்றம்.

ஜூன் 14, ஞாயிறு

குடிவந்து ஒரு வாரம். பின்னறையில் சாரம் கட்டி வேலை நடக்கிறது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. சிமென்ட் மூட்டையை இவர் எண்ணி வைத்த பிறகு நான் ஒருமுறை எண்ணுகிறேன்.

மதியம் ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளிக்கதவுக்கு அப்பால் அச்சகக்காரர். மணி அடிக்கவில்லை. நிற்கிறார். எனக்கு உடனே என்ன தோன்றும்? வீட்டைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறார். இல்லை, இன்னும் கொஞ்சம் பணம். இவர், "உள்ள கூப்பிடு, பாவம்" என்றார். நான் மட்டும் போனேன். கதவைத் திறக்காமலே என்ன என்றேன்.

"என் பொண்ணு நம்பர் உங்ககிட்ட இருக்குமா?"

"எதுக்கு?"

கதவின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். அவளுடைய பங்குப் பணத்துக்காக இருக்குமோ? கடன்காரர்கள் இன்னும் துரத்துகிறார்களோ? அந்த முகத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அவளைக் கேட்டுட்டுத்தான் தருவேன்" என்றேன். தலையாட்டினார்.

உள்ளே வந்து அவளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். கடையில் யாரோ கண்ணாடி விலை கேட்பது மட்டும் காதில் விழுந்தது.

பிறகு கேட்டாள். "நீங்க எல்லாரையும் சந்தேகப்படறவங்க. நீங்க சொல்லுங்க. அவரை நம்பலாமா?"

என்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நம்பாதே என்று சொல்ல எனக்கு ஆயிரம் காரணம் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"தெரியலம்மா. காசுக்கா, பாசத்துக்கான்னு என்னால சொல்ல முடியல. வெயில்ல நிக்கிறார். போகாம நிக்கிறார்."

"குடுங்க" என்றாள்.

வெளிக்கதவைத் திறந்தேன். ஒரு துண்டுத்தாளில் எண்ணை எழுதிக் கொடுத்து, திரும்ப என்னிடம் வாசித்துக் காட்டச் சொன்னேன். அவசரத்தில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டார். மறுபடி முதலிலிருந்து வாசிக்க வைத்தேன்.